ஒருமுலைத் தெய்வமும் குளிர்த்திக் கலையும்
மட்டக்களப்புக் கண்ணகி மரபில் இழப்பும் பேறும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழ்க்கரை எழுவான்கரை என்றும் மேற்கரை படுவான்கரை என்றும் வழங்கப்பெறும். ஞாயிறு எழுகின்ற கரையிலும் படுகின்ற கரையிலும் ஆண்டுதோறும் வைகாசித் திங்களில் ஒரே கதை பாடப்படுகின்றது. அநீதியாற் கணவனை இழந்த பெண்ணொருத்தி அரசவையில் வழக்குரைத்து வென்றதும், தன் முலையொன்றைத் திருகி எறிந்து நகரை எரித்ததும், பின்னர்க் குளிர்ந்து தெய்வமானதும் அக்கதையின் பொருளாகும். அடைபட்டிருந்த கோயிற் கதவு திறக்கப்பட்டது முதற் குளிர்த்திச் சடங்குடன் அது மீண்டும் அடைக்கப்படும் வரை ஊர் முழுவதும் அக்கதைக்குள்ளேயே வாழ்கின்றது எனலாம்.

இதே கரைகளில் மார்பிற் கட்டியொன்றைக் கண்டறிந்த பெண் அதனைத் தாயிடமோ கணவனிடமோ சொல்லத் தயங்குவதும் உண்டு. இன்று இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. முலையென்னும் சொல் கோயில் முற்றத்திற் பாட்டாக ஒலிக்கின்றது. வீட்டுக்குள் அதுவே வாய்விட்டுச் சொல்லத் தகாத சொல்லாகிவிடுகின்றது. இழந்த முலையைத் தெய்வத்தின் அடையாளமாகப் போற்றிய சமுதாயம், அதே இழப்புக்கு ஆளான மானிடப் பெண்ணுக்கு எதனை வழங்கியுள்ளது? இவ்வினா வெறும் ஆராய்ச்சி வினா அன்று. காலந்தாழ்த்தி வைத்தியசாலையை அடையும் ஒவ்வோர் உயிரோடும் தொடர்புடைய வினாவாகும்.

மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பெண்கள் தம் இழப்பையும் அதனூடாகப் பெற்றதையும் கலை வாயிலாக ஆராயும் முயற்சி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் வலுப்பெற்றது. அம்முயற்சியோடு மட்டக்களப்பின் கண்ணகி மரபை ஒப்புநோக்கி, பின்னதன் வரலாற்றுப் பொருளைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கச் செய்யுளும் சிலம்பும்

முலையிழந்த பெண்ணின் உருவம் தமிழிற் சிலப்பதிகாரத்திற்கும் முற்பட்டதெனக் கருத இடமுண்டு. நற்றிணையின் 216ஆம் செய்யுள் திருமாவுண்ணி என்னும் பெண்ணொருத்தியைக் குறிக்கின்றது. அயலான் ஒருவனால் நேர்ந்த துயரினால் அவள் ஒரு முலையை அறுத்துக்கொண்டாள் என்பது அங்கே வரும் செய்தி. வேங்கை மரத்தோடு அவள் தொடர்புபடுத்தப்படுவதும் நோக்கற்பாலது. அவளே கண்ணகியா, கண்ணகி கதைக்கு மூலமாய் நின்ற வேறொருத்தியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. எவ்வாறாயினும், இளங்கோவடிகள் இக்கருத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. மக்கள் நினைவில் வாழ்ந்த ஓர் உருவத்திற்குக் காப்பிய வடிவம் கொடுத்தார் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

சங்க இலக்கியத்தில் முலை அழகின் உறுப்பாக மட்டும் பேசப்படவில்லை. அது ஆற்றலின் இருப்பிடமாகவும் அறத்தின் சான்றாகவும் கருதப்பட்டது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுச் செய்யுளில் (278) வரும் முதியவள், தன் மகன் போரிற் புறங்கொடுத்தது மெய்யாயின் அவன் பாலுண்ட முலையை அறுத்திடுவேன் எனச் சூளுரைக்கின்றாள். அக்காலத்து ஆடவனுக்கு மார்பிற்பட்ட வடு விழுப்புண் எனப் பெயர் பெற்றது, அது பெருமைக்குரியதாயிற்று. பெண்ணின் மார்பிற்பட்ட வடுவுக்கு அத்தகைய பெயர் எதுவும் வழங்கியதாகத் தெரியவில்லை. அந்தப் பெயரில்லா வடுவுக்குக் காப்பியத்தில் இடமளித்தவர் இளங்கோவே எனலாம்.

சிலப்பதிகாரத்திற் கண்ணகி இடமுலையைத் திருகி, மதுரையை மும்முறை வலம்வந்து எறிகின்றாள். தீக்கடவுள் தோன்ற, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்கித் தீத்திறத்தாரையே சேருமாறு ஆணையிடுகின்றாள். சினத்தின் உச்சியிலும் அவள் வேறுபாடு காணும் அறிவை இழந்தாளல்லள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பின்னர் மலைநாட்டில் வேங்கை நிழலில் நின்றவளைக் குன்றக் குறவர் காண்கின்றனர். அவர்கள் சேரன் செங்குட்டுவனிடம் அறிவிக்கும்போது, ஒரு முலை இழந்தவள் என்றே அவளை அடையாளப்படுத்துகின்றனர். தெய்வமான பின்பும் அவளது இழப்பு மறைக்கப்படவில்லை. இழப்பைக் கொண்டே அவள் அறியப்படுகின்றாள். செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கங்கையில் நீராட்டிப் படிமம் சமைத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் அவ்விழாவிற்கு வந்திருந்தான் என்பது வரந்தரு காதை தரும் செய்தி.

வாவிக்கரையிற் கண்ணகி

கயவாகு வாயிலாகவே கண்ணகி வழிபாடு ஈழத்தை அடைந்தது என்பது நீண்டகால மரபு. சிங்கள வரலாற்று நூலாகிய இராசாவலியும் கஜபாகு மன்னன் பத்தினி தெய்வத்தின் சிலம்பைக் கொணர்ந்ததாகக் கூறுகின்றது. இச்செய்திகளை எழுத்துக்கெழுத்து வரலாறாகக் கொள்ளல் அரிது. எனினும் தமிழகம், கேரளம், ஈழம் ஆகிய மூன்று நிலங்களையும் இணைத்த கடல்வழித் தொடர்பின் நினைவு அவற்றுட் பொதிந்துள்ளது என்பதை மறுத்தற்கில்லை. சிங்கள மக்களிடையே பத்தினி தெய்யோ என்ற பெயரில் நிலவும் இவ்வழிபாட்டைக் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழகத்திற் கண்ணகி பெரும்பாலும் மாரியம்மன், திரௌபதியம்மன் முதலிய பிற அம்மன் வழிபாடுகளுட் கலந்துவிட்ட பின்னரும், கிழக்கிலங்கையில் அவள் தன் பெயரோடும் கதையோடும் வாழ்ந்துவருகின்றாள்.

தம்பிலுவில், காரைதீவு, கல்லாறு, எருவில், மகிழூர், செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, வந்தாறுமூலை எனக் கண்ணகி கோயில் கொண்ட ஊர்கள் பல. விபுலாநந்த அடிகள் 1892இற் பிறந்த காரைதீவு இவ்வழிபாட்டின் தலையாய நிலையங்களுள் ஒன்று. வீ.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலில் இவ்வழிபாட்டிற்குச் சிறப்பிடம் அளித்தார். கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்து ஏட்டிலிருந்த பாடலை அச்சிற்குக் கொணர்ந்ததும் அவரே.

மட்டக்களப்புச் சமூக அமைப்பையும் இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இப்பகுதியில் குடிமரபு தாய்வழியாகக் கணிக்கப்படுகின்றது. வீடும் நிலமும் சீதனமாகப் பெண்மக்களைச் சேர்கின்றன. திருமணத்தின் பின் கணவனே மனைவியின் இல்லத்திற்கு வந்து வாழ்கின்றான். டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல் இவ்வமைப்பை நுணுகி ஆராய்கின்றது. பெண்ணை மையமாகக் கொண்டு குடும்பம் அமைந்த நிலத்திற் பெண் தெய்வமொன்று தலைமை பெற்றதை வியப்பென்று கொள்வதற்கில்லை. ஆயினும் வழக்குரையை ஏடு விரித்துப் பாடுவோர் பெரும்பாலும் ஆடவரே. கட்டாடியாரும் கப்புகனாரும் ஆடவரே. பெண்கள் நோன்பிருந்து, பொங்கி, நேர்ந்து, கேட்டு நிற்கின்றனர். தம் உடலைப் பற்றிய பாடலைப் பிறர் பாடக் கேட்பவர்களாகவே அவர்கள் நெடுங்காலம் இருந்து வந்துள்ளனர்.

வழக்குரையும் குளிர்த்தியும்

சிலப்பதிகாரத்திற்கும் வழக்குரைக்கும் இடையே கதைப் போக்கிற் பல வேறுபாடுகள் உள. அவற்றுள் முதன்மையானது பெயரிலேயே புலப்படும். முன்னது சிலம்பினாற் பெயர் பெற்றது. பின்னது பெண்ணொருத்தி உரைத்த வழக்கினாற் பெயர் பெற்றது. ஊர் மக்களின் நோக்கிற் கதையின் நடுநாயகம் அணிகலனன்று, துன்புற்றவளின் பேச்சே. தனக்கு நேர்ந்தது யாதென அவையறிய எடுத்துரைக்கும் உரிமையே அங்கு முதற் பேறாகக் கருதப்பட்டது.

இரண்டாவது வேறுபாடு முடிவில் உள்ளது. இளங்கோவின் காப்பியம் எரிந்த நகரிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து விண்ணுக்கும், விண்ணிலிருந்து அரசன் எடுத்த கோயிலுக்கும் செல்கின்றது. மட்டக்களப்பு மரபோ குளிர்ச்சியில் முடிகின்றது. மதுரையை எரித்த வெம்மை தணியாது வந்த அம்மனை ஆயர் சேரிப் பெண்கள் பாலும் வெண்ணெயும் கொண்டு குளிர்வித்தனர் என்பது ஈழத்துக் கண்ணகி கதைகளில் வழங்கும் செய்தி. முடிதரித்த வேந்தன் செய்யாத பணியை மோர் விற்கும் மகளிர் செய்தனர். புண்ணாற்றும் பொருளும் அவர்களது அன்றாடக் கைப்பொருளே.

அந்நிகழ்ச்சியே குளிர்த்திச் சடங்காக ஆண்டுதோறும் நடிக்கப்படுகின்றது. பேச்சு வழக்கில் இதனைக் குளுத்தி என்பர். கலியாணக்கால் நடுதல், ஊர்சுற்றுதல், வழக்குரை படித்தல், பொங்கல் என அடுக்கடுக்காக நிகழும் சடங்குகள் யாவும் குளிர்த்தியை நோக்கியே செல்கின்றன. இறுதி இரவிற் குளிர்த்திப் பாடல் ஒலிக்க, குளிர்ந்த நீர் தெய்வத்திற்கும் கூடி நிற்போர்க்கும் உரியதாகின்றது. ஊரின் வெம்மை, உடலின் வெம்மை, உள்ளத்தின் வெம்மை ஆகிய மூன்றும் ஒருங்கே தணிவதாக மக்கள் நம்புகின்றனர். அம்மையும் கொப்புளிப்பானும் அம்மாள் வருத்தம் எனப் பெயர் பெற்றமையும், அந்நோய்க் காலத்திற் குளிர்ச்சியான உணவும் வேப்பிலையும் இல்லங்களிற் பேணப்பட்டமையும் இதனோடு தொடர்புடையன.

வடசேரி, தென்சேரி என ஊர் இரு பிரிவாகி ஆடும் கொம்பு விளையாட்டும் இவ்வழிபாட்டின் பாற்பட்டதே. ஒரு சேரியார் கோவலன் பக்கமாகவும் மறு சேரியார் கண்ணகி பக்கமாகவும் நின்று, கொளுவிய கொம்புகளை இழுத்து முறிப்பர். வென்றோரும் தோற்றோரும் வசைப்பாடல் பாடிக்கொள்வர். அடக்கப்பட்ட சினத்திற்கு வடிகாலும், ஆரவாரத்திற்குப் பின் அமைதியும் என்னும் ஒழுங்கை இங்கும் காணலாம்.

ஆகவே இம்மரபின் அமைப்பை மூன்று படிகளாகப் பகுத்துக் காட்டலாம். முதலாவது உரைத்தல்; இரண்டாவது எரிதல்; மூன்றாவது குளிர்தல். இவற்றுள் எதனையும் தவிர்த்து அடுத்ததற்குச் செல்ல இம்மரபு இடந்தருவதில்லை. வழக்கை உரைக்காமற் சினம் நியாயம் பெறாது. சினத்தை ஒப்புக்கொள்ளாமற் குளிர்ச்சி பொருள் பெறாது.

மேலைநாட்டுச் சான்றுகள்

மார்பகப் புற்றுக்கு ஆளான பெண் தன் அனுபவத்தைத் தானே உரைத்த பழைய சான்றுகளுள் ஆங்கில நாவலாசிரியை பனி பேர்ணியின் கடிதம் தலைசிறந்தது. 1811ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் பரிஸ் நகரில், நெப்போலியனின் படைச் சத்திரவைத்தியராகிய லாறே முதலியோர் மயக்க மருந்து அறியப்படாத அக்காலத்தில் அவரது மார்பை அகற்றினர். அதனை விவரித்துத் தமக்கைக்கு எழுதிய கடிதத்தை முடிக்க அவருக்குப் பல மாதங்கள் சென்றன. அதன் பின் அவர் 1840 வரை வாழ்ந்தார்.

1882இல் அமெரிக்கச் சத்திரவைத்தியர் வில்லியம் ஹால்ஸ்ரெட் தொடக்கிய முறை மார்பையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றுவது. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு காலம் அதுவே நியமமாயிற்று. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தாலும், ஏற்ற நிலையிலுள்ள நோயாளர் அதேயளவு காலம் வாழ்வர் என்பதைப் பேர்ணாட் ஃபிஷர் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இடைப்பட்ட காலத்திற் பெண்கள் உயிரைப் பெற்றனர். அதற்கு ஈடாக உறுப்பை இழந்தனர். உயிர் தப்பியமைக்கு நன்றியுடன் வாய்மூடி இருத்தலே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது.

அவ்வாய்ப்பூட்டை உடைத்தவர்களுள் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞை ஓட்ரி லோட் முதன்மையானவர். 1978இல் ஒரு மார்பை இழந்த அவர் தம் குறிப்புகளை 1980இல் நூலாக்கினார். பொய்மார்பு அணியாது வைத்தியரிடம் சென்றபோது, அது பிற நோயாளரின் மனவுறுதியைக் குலைக்கும் என்று தாதியொருவர் கடிந்துகொண்டதை அதிற் பதிவு செய்துள்ளார். இழப்பை மறைப்பதனால் இழந்த பெண்கள் ஒருவரையொருவர் இனங்காண இயலாது போகின்றது என்பதே அவரது வாதத்தின் உயிர்நிலை. ஒருமுலையுடைய வீரமகளிரைப் பற்றிய ஆபிரிக்கக் கதைகளிலிருந்து அவர் வலிமை தேடினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் எழுத்தாளர் டீனா மெற்ஸ்கர் தம் வடுவின்மேற் பச்சை குத்தி, கைகளை விரித்து வானை நோக்கி நிற்கும் நிழற்படமொன்றைச் சுவரொட்டியாக வெளியிட்டார். பிரித்தானிய நிழற்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ் 1982இல் நோய் கண்டபின், தம் மார்பின் மீது அது தமக்கே உரிய உடைமையா என்று வினவும் சொற்களை எழுதிப் படமெடுத்துக்கொண்டார். வைத்தியசாலையில் தம் உடல் பிறர் பொருளாக நடத்தப்படுமோ என்ற அச்சமே அப்படத்தின் பொருள். மட்டுஷ்கா என்னும் கலைஞர் தம் வடுவை வெளிக்காட்டி எடுத்த படம் 1993 ஓகஸ்ட் 15ஆம் நாள் நியூயோர்க் ரைம்ஸ் ஞாயிறு இதழின் அட்டையில் வெளியாகிப் பெரும் சர்ச்சையை எழுப்பிற்று.

இவர்களுள் எவரும் கண்ணகியை அறிந்து இவற்றைச் செய்தாரல்லர். எனினும் பேர்ணியின் கடிதம் உரைத்தல். ஸ்பென்ஸின் படம் வழக்குரைத்தல். லோட்டின் நூல் எரிதல். மெற்ஸ்கரின் படம் எரிந்தபின் வந்த அமைதி. மட்டக்களப்பு ஊர்கள் ஒரு சடங்கினுள் அடக்கிவைத்த படிகளை, அத்தகைய சடங்கு இல்லாத சமுதாயங்களிற் பெண்கள் தனித்தனியே, தத்தம் உடலையே ஏடாகக் கொண்டு, புதிதாகக் கண்டறிய வேண்டியதாயிற்று.

பேறு என்பது யாது?

துன்பத்தினூடாக மனிதன் வளர்ச்சியும் பெறுகின்றான் என்ற கருத்தை உளவியலாளர் இக்காலத்தில் அளந்து காட்ட முற்பட்டுள்ளனர். ரெடெஸ்கியும் கல்ஹூனும் 1996இல் வெளியிட்ட அளவுகோல், பிறருடனான உறவு, புதிய வழிகள், தன் வலிமை, ஆன்மிக மாற்றம், வாழ்வின் அருமை என ஐந்து வகைகளிற் பேற்றைக் கணிக்கின்றது. மார்பகப் புற்றிலிருந்து மீண்டோரிடையே இவ்வகை ஆய்வுகள் பெருகியுள்ளன.

இதற்கு மறுப்பும் உண்டு, அம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. சூசன் சொன்ராக் தாமே அந்நோய்க்கு ஆளாகி மீண்ட பின் 1978இல் எழுதிய நூலில், நோயை உருவகமாக்குவது நோயாளரையே குற்றவாளியாக்கும் என எச்சரித்தார். பார்பரா ஏரென்றைக் 2001இல் எழுதிய கட்டுரை, மார்பகப் புற்றைப் புன்னகையோடு ஏற்கச் சொல்லும் இளஞ்சிவப்பு நாடாப் பண்பாட்டைக் கடிந்தது. நோயை வரமெனக் கூறுவோர் நோயினால் இறந்தோரை என்னென்பர்? 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 85 ஆயிரம் பேர் மாண்டனர். மீண்டவர் பெற்ற பேற்றைப் பாடும்போது மீளாதவரை மறந்துவிடுதல் அறமாகாது.

கண்ணகி மரபையும் இவ்வெச்சரிக்கைக்கு உட்படுத்தியே நோக்குதல் வேண்டும். கண்ணகி தன் முலையைத் தானே திருகினாள். நோயாளி அவ்வாறு தெரிந்தெடுத்தாளல்லள். கண்ணகியின் தீ குற்றவாளியைச் சுட்டது. நோய்க்குக் குற்றவாளி எவருமிலர். மேலும், நோயைத் தெய்வக் குற்றமெனக் கொள்ளும் மனப்பாங்கு, சிகிச்சையைப் பின்போடச் செய்யும் தீமையையும் உடன்கொண்டது. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசியே. உலக சுகாதார நிறுவனம் அதன் ஒழிப்பை 1980இற் பிரகடனம் செய்தது. குளிர்த்தி நீர் புற்றைக் கரைக்கும் என்று எவரேனும் கூறின் அது பெருந்தவறாகும்.

எனினும் பெரியம்மை ஒழிந்த பின்னரும் குளிர்த்தி ஒழியவில்லை என்பது சிந்தனைக்குரியது. நோயை விலக்குவது மட்டுமே அதன் பணியாயிருந்திருப்பின் அது அக்காலத்தோடு மறைந்திருக்கும். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளிக்குப் பின்னரும், போர்க்காலத்தும், 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் இக்கரை மக்கள் வைகாசிச் சடங்கைக் கைவிடவில்லை. இழந்தவர்கள் தம் இழப்பை ஊரறிய ஒப்புக்கொள்ளவும், அவ்வொப்புதலைப் பிறர் கேட்டு நிற்கவும் அது இடமாயிற்று. அதன் உண்மைப் பணி அதுவே எனின் தவறாகாது.

இங்குதான் மட்டக்களப்பு மரபின் தனித்தன்மை புலப்படுகின்றது. மேலைநாட்டு ஆய்வாளர் பேற்றை மீண்டவளின் உள்ளத்தில் தேடுகின்றனர். அவள் எவ்வளவு வளர்ந்தாள் என அளக்கின்றனர். குளிர்த்தி மரபோ குளிரும் பொறுப்பை அவள்மீது சுமத்தவில்லை. கண்ணகி தானே குளிர்ந்தாளல்லள். ஆயர் மகளிர் குளிர்வித்தனர். நீர் கொணர்தல் ஊரின் கடன். புன்னகை செய்யுமாறு அவளை எவரும் பணிக்கவில்லை. அவளது சினம் முறையற்றதென்றும் எவரும் கூறவில்லை. துன்பம் தானாக எதனையும் தருவதில்லை. துன்புற்றவளைச் சூழ்ந்து நிற்போரே தருகின்றனர். பேறு என்று ஒன்றுண்டாயின் அது புண்ணிலிருந்து பிறப்பதன்று. புண்ணை ஆற்ற நீண்ட கைகளிலிருந்து பிறப்பது.

மரபும் இன்றைய தேவையும்

மரபுக் கலைகள் புதிய வினாக்களுக்கு விடைகூற வல்லன என்பதற்கு மட்டக்களப்பே சான்றாகும். 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் செப்பனிட்டு அரங்கேற்றியபோது, அதற்கு உயிர்நாடியாய் நின்றோர் மட்டக்களப்பு அண்ணாவிமாரும் மாணவருமே. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் சீலாமுனை மக்களுடன் இணைந்து தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் மற்றொரு படி முன்சென்றது. கூத்து மேடையிற் பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றாள் என்ற வினாவை ஆடுவோரும் பார்ப்போரும் கூடி விவாதித்து, பனுவலையே திருத்த அது வழிசெய்தது. மட்டக்களப்பிற் பணிபுரியும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பாட்டையும் வீதி நாடகத்தையும் கொண்டு வன்முறை முதலியன பற்றிப் பெண்கள் வெளிப்படையாகப் பேச வழிவகுத்தது. கூத்தில் இயன்றது வழக்குரையில் இயலாதென்பதற்கில்லை.

மருத்துவ வசதிகளும் முன்னிருந்த நிலையில் இல்லை. முன்னாளிற் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பயணஞ்செய்து மஹரகம வைத்தியசாலையை அடைதல் வேண்டியிருந்தது. இன்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. 1996 முதல் நாடெங்கும் தொடங்கப்பெற்ற சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனையும் நடைபெறுகின்றது. தொடக்கத்திலேயே கண்டறியப்படும் கட்டி பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது. வாவியின் இக்கரையில் வழக்குரை கேட்கும் பெண்ணுக்கும் அக்கட்டடத்திற்கும் இடையே எஞ்சியிருப்பது தூரமன்று, பேசாமையே.

அப்பேசாமையை உடைக்கும் சொல் ஏட்டிலேயே உள்ளது. ஆடவர் பாடப் பெண்கள் கேட்டுவந்த கதையைப் பெண்களே பாடும் காலம் வரின், மார்பை இழந்து மீண்ட ஒருத்தி அதனைத் தன் கதையாகவும் பாட இயலும். ஓவியமாகவோ, கூத்தாகவோ, குளிர்த்திப் பாடலின் மெட்டிலமைந்த புதுப்பாடலாகவோ அவள் அதனைச் செய்யலாம். அதனைக் கேட்ட மற்றொருத்தி மறுநாட் காலையில் வைத்தியசாலைக்குப் புறப்படுவாளாயின், அக்கலை தன் பயனைப் பெற்றதாகும்.

தொகுத்து நோக்கின், முலையிழந்த பெண்ணைத் தமிழ் மரபு மறைக்கவில்லை. நற்றிணைப் புலவர் அவளை நினைவுகூர்ந்தார். இளங்கோ அவளைக் காப்பியத் தலைவியாக்கினார். மட்டக்களப்பு மக்கள் அவளை வழக்குரைக்க விட்டு, எரிய விட்டு, பின்னர்க் குளிர்வித்தனர். சேரன் அவளுக்குக் கல் எடுத்தான். வாவிக்கரையார் நீர் எடுத்தனர். கல் தெய்வத்திற்கு உரியது. நீர் புண்பட்ட எவர்க்கும் உரியது. கோயில் முற்றத்தில் ஆண்டுக்கொரு முறை தெய்வத்திற்குச் செய்யப்படும் குளிர்த்தி, அண்டை வீட்டிற் சத்திரசிகிச்சை முடிந்து திரும்பிய பெண்ணுக்கும் செய்யப்படுமாயின் அம்மரபு தன் பொருளை முழுமையாக உணர்ந்ததாகும்.